நான்கு பச்சை, ஆறு மஞ்சள்

14 செப்டம்பர் 2004, செவ்வாய்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, காலில் விழுந்து கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாகக் கலியன் சித்தப்பாவிடம்.

இன்று சால்ட் லேக்கில் ஒரு வீட்டில் திரைக்கம்பி மாட்டும்போது அப்பாவின் டிரில் பாதித் துளையில் நின்றுவிட்டது. பேட்டரியில் பத்து செல்லையும் மாற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாந்தினி கடைத்தெருவில் வாங்கி வந்து மாற்றியது சித்தப்பாதான். வீட்டுக்காரர் சிரித்தாராம். மீதி மூன்று அறை வேலையும் வேறு மிஸ்திரிக்குப் போய்விட்டது.

"செல்லுல ஒண்ணுமில்லண்ணே. நம்ம எஞ்சினியரம்மா ராத்திரி பூரா சார்ஜுல விட்டுட்டா." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார் சித்தப்பா.

நான் விடவில்லை. விடவே இல்லை! அப்பா என்னைக் கேட்கக்கூட இல்லை. "பூஜை லீவோட படிப்பு போதும். திருச்சிக்கு அத்தை வீட்டுக்குக் கிளம்பு."

ஒன்பதாவதோடு முடிந்ததா?

15 செப்டம்பர்

அப்பா என் முகத்தைப் பார்ப்பதில்லை.

17 செப்டம்பர், வெள்ளி

கருவிகள் இருக்கும் இந்தச் சின்ன அறையில்தான் நான் படுக்கிறேன். இன்று பள்ளியிலிருந்து வந்ததும் அப்பாவின் பேட்டரியைத் திறந்தேன். புது செல்லுக்குப் பச்சை உறை, பழையதற்கு மஞ்சள். எண்ணினேன். பச்சை நான்குதான். ஆறு மஞ்சள், நுனியில் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. பழையதும் புதியதும் கலந்தால் இரண்டும் கெடும் என்று அப்பாவே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்!

மீதி ஆறு பச்சை எங்கே? சித்தப்பாவின் பேட்டரியும் அச்சு அதேதான், மேலே சுற்றிய சிவப்பு டேப்தான் அடையாளம். அதையும் திறந்தேன். அதற்குள்ளே.

அப்பாவிடம் சொன்னால்? "பிரிச்சது யாரு? அவதானே? அவளே மாத்தி வச்சிருப்பாண்ணே" என்பார். தம்பி சொன்னால் அப்பாவுக்கு அதுதான் உண்மை.

சொல்ல மாட்டேன். நாலு பேர் முன்னால் சித்தப்பா கையில் டிரில் நிற்க வேண்டும். அவரைப் பார்த்து ஒரு வீடே சிரிக்க வேண்டும்.

19 செப்டம்பர், ஞாயிறு

எல்லோரும் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு சீமந்தத்துக்குப் போனார்கள். வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன்.

மூன்று மணி நேரம். ஆறு பச்சையையும் எடுத்து அப்பாவுடையதில் வைத்தேன், ஆறு மஞ்சளைச் சித்தப்பாவுடையதில். சூட்டுக்கோலால் ஈயத்தை உருக்கி ஒட்டினேன், பழக்கமில்லாத கை, உருண்டை உருண்டையாக நின்றது. இரண்டு விரலில் சூடு பட்டது.

இன்னொன்றும் செய்தேன். சித்தப்பாவுடையதில் ஒரு செல்லைத் தலைகீழாக வைத்து ஒட்டினேன். தெரியாமல் இல்லை. தெரிந்தேதான். சார்ஜில் போட்டால் கொதிக்கும். கொதிக்கட்டும்.

20 செப்டம்பர், திங்கள்

காலையில் தலை பின்னிக்கொண்டிருந்தபோது சித்தப்பா தன் டிரில்லை அழுத்திப் பார்த்தார். முனகியது. அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் பேட்டரியை மாட்டி அழுத்தினார் சித்தப்பா, வேகமாகச் சுழன்றது. தன்னுடையதிலிருந்த சிவப்பு டேப்பை உரித்தார். அப்பாவின் பேட்டரியில் சுற்றினார். என்னைப் பார்த்து, "என்னம்மா, ஸ்கூலுக்கு நேரமாகல?" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நான் செய்ததும் வெளியே வந்துவிடும். தலைகீழ் செல்லோடு அப்பா அலிப்பூர் வேலைக்குப் போனார். பார்த்துக்கொண்டே நின்றேன். நானெல்லாம் ஒரு மகளா?

சாயங்காலம் அப்பா வலது கையில் கட்டோடு வந்தார். அங்கே சார்ஜில் போட்டிருக்கிறார். கொதித்திருக்கிறது. பிடுங்கப் போனவர் கையில் சீறிவிட்டது. அம்மா கத்தினாள். அப்பா மட்டும் கத்தவில்லை. உருகிய பேட்டரியை இடது கையால் மேஜைமேல் வைத்தார்.

"கலியா, இதை யாருடா பிரிச்சது?"

"தெரியலண்ணே."

"ஈயம் உருண்டையா நிக்குதே. உன் கைவேலை இப்படி இருக்காதுடா."

சித்தப்பா என்னைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். புரிந்துவிட்டது. ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டுமானால் அது தன் பேட்டரி என்று சொல்ல வேண்டும், டேப்பை மாற்றியதையும் சொல்ல வேண்டும். தட்டைத் தள்ளிவைத்தார். சோறு அப்படியே இருந்தது.

அந்த முகத்தைப் பார்க்கத்தானே இத்தனையும்? பார்த்துவிட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, அப்பா இடது கையால் சாப்பிடத் தொடங்கும் வரை.

கதவு தட்டுகிறார்கள். அப்பா.

"கோதை, முழிச்சுத்தான் இருப்பேன்னு தெரியும். உருகினதுல ஒரு பச்சை உறைகூட இல்ல, சித்தப்பா பேட்டரிய எடுத்துக்கிட்டு வா. அவன் முன்னாலயே நீ பிரி, எனக்குக் கை—"