நீ பார்த்த துள்ளல்

பெட்டி சூடாகிவிட்டது. அந்த மணம் வருகிறது. வெந்த தூசியும் பழைய வார்னிஷும் கலந்த மணம். ஸ்விட்சைப் போட்டுப் பத்து நிமிடம் ஆனால் கூடம் முழுக்கப் பரவும். நீ அடுப்படியிலிருந்தே கூவுவாய்: "உங்க பொட்டி வெந்துடுச்சு, வந்து எறக்குங்க!" இன்று யாரும் கூவவில்லை. நானே மூக்கை உறிஞ்சிப் பார்த்துக்கொண்டேன்.

உனக்கு அது கடைசிவரை பொட்டிதான். ஆஸிலாஸ்கோப் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மின்சாரத்தின் ஆட்டத்தைக் கோடாகக் காட்டும் கருவி என்று எத்தனையோ முறை விளக்கிவிட்டேன், என்ன பிரயோஜனம்? கல்லூரி லேபில் முப்பது வருஷம் நான் துடைத்து வைத்தது. வேண்டாம் என்று கழித்தபோது ஏலத்தில் எடுத்து ஆட்டோவில் ஏற்றி வந்தேன். "பொண்டாட்டிக்கு ஒரு மிக்ஸி வாங்க வக்கில்ல, இதுக்கு ஆட்டோ வேறயா?" என்று வாசலிலேயே கேட்டாய். அன்று சாயங்காலமே அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் நீதான்.

உட்கார வைத்தது நான். திரை முன்பக்கம், வயிறு பின்பக்கம். மூடியைக் கழற்றிவிட்டுப் பழைய டூத் பிரஷ் காம்பால் உள்ளே ஒவ்வொன்றாகத் தட்டுவேன். எங்கே தட்டினால் திரையில் பச்சைக் கோடு ஆடுகிறதோ அங்கே கோளாறு. ஒருவர் தட்ட, ஒருவர் பார்க்க வேண்டும். நீ கீரை ஆய்ந்துகொண்டே பார்த்து, "இப்ப ஆடுச்சு" என்பாய். இன்னொன்றும் சொல்வாய். உள்ளே ஆளைக் கொல்லும் வோல்டேஜ் இருக்கிறது, இரண்டு கையும் பட்டால் நெஞ்சு வழியாகப் பாயும், ஒரு கையால்தான் வேலை செய்ய வேண்டும், மற்றது முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று ஒருநாள் தெரியாத்தனமாக உன்னிடம் உளறிவிட்டேன். அதிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இடது கை எங்க?" என்று ஒரு அதட்டல். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் கை பின்னால் போய்விடும்.

கோடையில்தான் அந்தச் சண்டை. பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. "ஏங்க, கோடு படக்குனு மேல துள்ளிட்டு எறங்குச்சு" என்றாய். நான் சுற்றி வந்து பார்த்தேன். கோடு நேராக நின்றது. அரை மணி கழித்து மறுபடி சொன்னாய். மறுபடி ஓடி வந்தேன். ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை நான் எழுந்திருக்கவே இல்லை. "வயக்காட்டுல மோட்டார் போட்டிருப்பான், கரண்டு ஆடியிருக்கும். இல்லன்னா உன் கண்ணாடிய மாத்தணும்" என்றேன். "என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. உங்க பொட்டிக்குத்தான் வயசாச்சு" என்று கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அதே வாரம் நெஞ்சைப் பற்றியும் சொன்னாய். என்னமோ ஒரு துள்ளு துள்ளுது, ஒடனே அடங்கிடுது என்று. கூட்டிக்கொண்டு போனேன், போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஈசிஜி எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். பஸ்ஸில் அந்தத் தாளை உன் மடியில் போட்டு, "பாத்தியா? வெறும் வாயு" என்றேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "எடுக்கறப்ப வரல, அவ்வளவுதான்" என்றாய்.

இதை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! லேபில் யாராவது "இப்ப சரியா ஓடுது சார், குடுத்துடுங்க" என்று மீட்டரைக் கேட்டு வந்தால், "இப்ப ஓடுதுன்னா கோளாறு இல்லன்னு அர்த்தமா? திரும்ப வர்ற வரைக்கும் தர மாட்டேன், போ" என்று விரட்டுவேன். ஒரு மீட்டரை இரண்டு வாரம் மேசையில் ஓடவிட்டுக் காத்திருந்தவன் நான். உன்னை மட்டும் ஒரு தாளை நம்பி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். மூன்றாம் வாரம், மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போது விழுந்தாய்.

எனக்கு அழுகை வரவில்லை. கல்லறையில் மண் போட்டபோதும் வரவில்லை, முப்பதாம் நாள் பூசையிலும் வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து மகள் தினமும் போன் செய்து, "அழுதுடுங்கப்பா" என்கிறாள். இது என்ன குழாயா, திறந்துவிட?

ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. நீ பார்த்த துள்ளல் நிஜமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பொய்யாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். கோட்டைப் பற்றி நீ சொன்னது வெறும் கண் மயக்கம் என்றால், நெஞ்சைப் பற்றிச் சொன்னபோது உன்னை நம்பாததற்கு எனக்கு ஒரு சாக்கு கிடைக்கும்.

ஆற்றில் தண்ணீர் வந்து வயல் மோட்டார்கள் ஓயும்வரை காத்திருந்தேன். கரண்டின் மேல் பழி போட இடம் இருக்கக் கூடாது. இன்று காலை மூடியைக் கழற்றினேன். பார்க்க ஆள் இல்லை. டிவி ரிப்பேர் செய்பவர்கள் எதிரே கண்ணாடி வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். எனக்கு இத்தனை வருஷம் அது தேவைப்படவில்லை. நீ தலைவாரும் கண்ணாடியை எடுத்து வந்து உன் நாற்காலியில் சாய்த்து வைத்தேன். கண்ணாடியில் இடம் வலம் மாறும், மேல் கீழ் மாறாது. துள்ளினால் துள்ளல்தான்.

ஒரு மணி நேரம் தட்டினேன். ஒன்றுமில்லை. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு டிரான்ஸ்பார்மர் பக்கத்து மூலையில் பிரஷ் காம்பு லேசாகப் பட்டதும், கண்ணாடியில் கோடு படக்கென்று மேலே துள்ளி இறங்கியது. காம்பை எடுத்தேன். மறுபடி தொட்டேன். மறுபடி துள்ளியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கம்பியைப் பிடித்திருந்த ஈயப் பற்றில் தலைமுடி அளவு விரிசல். சூட்டில் ஒரு நொடி விலகும், நான் சுற்றி ஓடி வருவதற்குள் சேர்ந்துகொள்ளும்.

நீ சொன்னது சரி. இரண்டுமே சரி.

பெட்டியை அணைக்காமலே மகளுக்குப் போன் செய்தேன். "அம்மா சொன்னது சரிதாம்மா" என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னப்பா, பொட்டி சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். "உனக்கு எதாவது வந்து வந்து போகுதுன்னா எங்கிட்ட சொல்லு. நான் நம்புறேன்" என்றேன். அந்தப் பக்கம் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அப்போதும் வரவில்லை.

போனை வைத்த பிறகுதான் கவனித்தேன். இடது கை இன்னும் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நீ சொன்னதில் அது ஒன்றைத்தான் நான் கேட்டிருக்கிறேன்.