வேர்க்காத உடம்பும் முன்தண்டும்

அன்பு மகள் சிவசங்கரிக்கு, புதூர்நாட்டிலிருந்து சித்தப்பா சடையன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் சித்தி வெள்ளையம்மாள், ஆடுகள் எல்லோரும் சௌக்கியம், டெல்லிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் சித்தி பிடுங்கிக்கொண்டு குறுக்கே பேசுவாள், அதனால்தான் கடிதம்.

காளியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய அன்று நான் விழுந்ததை அவள் சொல்லியிருப்பாள், பாதிதான் நிஜம். கும்பிட்டு எழுந்தேன், கண் இருட்டியது, ஆலமரம் சாய்ந்த மாதிரி விழுந்தேன், மலையே அதிர்ந்ததாம். சாமி வந்துவிட்டது என்று ஊரே சூழ்ந்துகொண்டு, தாயே இன்னா கொறை, வாயத் தொறந்து சொல்லு என்று மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருக்கிறது. உன் சித்திதான், சாமியும் இல்ல பூதமும் இல்ல, மனுசன் மயங்கிக் கெடக்கறாரு, ஜீப்பக் கொண்டாங்க என்று கத்தியிருக்கிறாள். ஊர்மேல் தப்பில்லை அம்மா. எந்த வெயிலில் பல்லக்கு தூக்கினாலும் எனக்கு ஒரு சொட்டு வேர்க்காதே, அது அம்மன் அருள் என்றுதானே வருஷாவருஷம் பல்லக்கின் முன்தண்டை எனக்கே கொடுத்தார்கள். நானும் மார்பைத் தட்டிக்கொண்டு திரிந்தேன்.

திருப்பத்தூர் டாக்டரம்மா படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்த்தார். நின்றதும் சரசரவென்று இறங்கிவிட்டது. இந்தப் பிரஷரில் நின்று பேசும் ஆளைக் கண்டதில்லை என்று எழுந்து கும்பிட்டார், உன் சித்தி அப்படி நடக்கவே இல்லை என்பாள், நம்பாதே. வேர்ப்பது, இதயம் அடிப்பது, சோறு செரிப்பது எல்லாம் நாம் சொல்லாமலே நரம்பு நடத்தும் வேலையாம், என் சக்கரை அந்த நரம்பைக் கெடுத்துவிட்டதாம். மலை ஏற்றத்தில் பல்லக்கோடு விழுந்தால் பின்னால் வருபவர்களும் பள்ளத்தில்தான் என்றார். அன்றிலிருந்து இதே யோசனை. உள்ளே யாரோ இத்தனை காலம் கூலி கேட்காமல் உழைத்திருக்கிறார்கள், பெருமையை மட்டும் நான் வாங்கிக்கொண்டேன்.

ஊர்ப்பெரியவர்கள் வந்து, நீ தொட்டாப் போதும், நாங்க தாங்கிக்கறோம் என்று கெஞ்சினார்கள். ஆசை இல்லாமலா? ஆனாலும் தண்டைப் பங்காளி மகன் சின்னராஜிடம் கொடுத்துவிட்டேன். ஏற்றம் முடிந்து இறக்கியபோது அவன் தொப்பலாக நனைந்து, அம்மனுக்கு என்னைப் புடிக்கல சித்தப்பா என்று தலை குனிந்தான். துண்டால் அவன் முதுகைத் துடைத்து, போடா, வேர்க்குது பாரு, அதான்டா அருளு என்றேன். அப்ப ஒனக்கு என்றான். எதற்கும் பதில் வைத்திருக்கிற உன் சித்தப்பா, துடைத்த முதுகையே மறுபடி துடைத்தேன் மகளே.

அம்மன் உன் வீட்டில் விளக்காக இருக்கட்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசி. நம் வம்சத்து ரத்தம் உன் உடம்பிலும் ஓடுகிறது, சக்கரை பார்த்துவிட்டு மறைக்காமல் எழுது.

என்றும் உன் நலம் கோரும் சித்தப்பா,
பெ. சடையன்