முனியிடம் மட்டும் சொன்னது

ஜூன் 10, செவ்வாய்

மேல்காற்று. கொடியில் போட்ட துப்பட்டா பக்கத்து வீட்டு முருங்கையில். ஆபீஸில் கொடுத்த நல்ல டைரியை இப்படிப் பாழாக்குவதற்கு மன்னிக்க வேண்டும், யாராக இருந்தாலும். வாய் திறந்து பேச வருவதில்லை, அதனால்.

அண்ணன் காலையிலேயே லோடு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை தவிர கழுவ மாட்டான். முன்னால் புது எலுமிச்சம்பழம், மிளகாய். இடது ஹெட்லைட் உடைந்து.

"என்னண்ணே ஆச்சு?"

"மாடு குறுக்க வந்துருச்சு. நீ பஸ்ஸைப் பாரு."

மாட்டுக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

வாங்க: சேஃப்டி பின், அம்மாவுக்கு வலி மாத்திரை.

ஜூன் 11, புதன்

திருச்சி பஸ். கீரனூரில் ஏறும்போதே நெரிசல். முன்னால் நின்ற பூக்காரம்மா கண்டக்டரிடம்:

"நார்த்தாமலை பிரிவுகிட்ட நேத்து விடியக்காலைல, புல்லுக்கட்டு வச்சு மொபட்டுல வந்த மனுசனத் தூக்கிப் போட்டுட்டு நிக்காமப் போயிட்டானாம்."

"லாரியா?"

"லோடு வண்டி. நீலப் பெயின்ட்டு மொபட்டுல ஒட்டியிருக்காம். உசுரு இருக்கு. பெரியாஸ்பத்திரில கண்ணு தொறக்காமக் கெடக்காரு."

"அவன் வெளங்குவானா?"

"சாபம் அப்பறம் குடுக்கலாம், மொதல்ல டிக்கெட்டக் குடுய்யா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணன் ஓட்டுகிற வண்டியும் நீலம். நீல வண்டி எத்தனையோ ஓடுகிறது. மாத்தூர் வரை இதையே சொல்லிக்கொண்டு போனேன். ஆபீஸில் ஒரே பில்லை இரண்டு முறை அடித்தேன். மேடம் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சாயங்காலம், அண்ணன் சாப்பிடும்போது: "மாடுதானா?"

தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "நின்னுருந்தா அடிச்சே கொன்னுருப்பாங்க பாப்பா. டீக்கடைலேருந்து ஆளுங்க ஓடியாந்தாங்க."

"யார்ட்டயாச்சும் சொன்னியா?"

"சொன்னேன்."

"யார்ட்ட?"

"முனிகிட்ட. நேரா கோயிலுக்குப் போயி, வண்டிய நிப்பாட்டி, சூடம் ஏத்தி, நடந்தத நடந்தபடி சொன்னேன். அந்தாளு பொழைச்சா கெடா வெட்டுறேன்னும் சொல்லிருக்கேன்."

ஏமாற்றவில்லை அவன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டதாகவே நினைக்கிறான். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் அங்கேதான் சொல்வோம். என் டிகிரி ரிசல்ட் உட்பட.

ஜூன் 12, வியாழன்

புழுக்கம். ஆபீஸ் போகவில்லை. போனில் சட்டம் படித்தேன். புரியவில்லை, திரும்பவும் படித்தேன். வீட்டில் படிக்க வேறு ஆள் இல்லை. புரிந்தவரை:

அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். கூட்டம் அடிக்க வந்தால் விலகிப் போகலாம். (சட்டத்துக்கும் அந்தப் பயம் தெரிந்திருக்கிறது.) ஆனால் ஒரு நாளுக்குள் பக்கத்து ஸ்டேஷனில் சொல்லியாக வேண்டும்.

சொல்லாவிட்டால் அதற்கே தனியாக ஆறு மாதம் வரை ஜெயில், இல்லை அபராதம், இல்லை இரண்டும்.

அவர் இறந்துவிட்டால் ஐந்து வருடம் வரை. சொல்லாமல் ஓடியிருந்தால் பத்து வரை என்று புதுச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. டிரைவர்கள் போராடியதால் அதை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். எதுவரைக்கும்?

அந்த ஒரு நாள் போய்விட்டது. ஸ்டேஷன் வாசலைத் தாண்டித்தான் முனி கோயிலுக்குப் போயிருக்கிறான்.

வண்டி ஓனர் வந்தார். "மொகத்த ஏன் இப்படி வச்சிருக்க செல்வம்? ஹெட்லைட்ட மாத்தி, வெள்ளைப் பெயின்ட்டு அடிச்சுட்டா யாருக்குத் தெரியும்? நாளைக்குப் பட்டறைல விட்ரு." என்னைப் பார்த்துச் சிரித்தார். "படிச்ச புள்ள, நீ சொல்லும்மா."

காபி குடிக்கிறீங்களா என்று கேட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

காற்று இல்லை. வெள்ளிக்கிழமை, வண்டியைக் கழுவவில்லை அண்ணன். சாவியை எடுத்தான், ஆணியில் மாட்டினான், மறுபடி எடுத்தான்.

அம்மா: "என்னடா, கால்ல சுடுதண்ணி ஊத்துனாப்புல இங்கிட்டும் அங்கிட்டும் நடக்குற?"

வாசலில் வைத்து, படித்ததை எல்லாம் அவனிடம் சொன்னேன். எதையும் விடவில்லை.

"உள்ள போட்டுருவாங்களா பாப்பா?"

"தெரியலண்ணே." போட மாட்டார்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது.

"லேட்டாயிருச்சே. இப்பப் போயி என்னன்னு சொல்ல?"

"முனிகிட்டச் சொன்னத அப்படியே."

வண்டியில் ஏறி உட்கார்ந்தான். பட்டறை இங்கிட்டு, ஸ்டேஷன் அங்கிட்டு. நான் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதே இல்லை. சுற்றிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்தேன்.

"அண்ணே, பட்டறைக்கு வேணாம். ஸ்டேஷனுக்குப் போவோம். நானும் ஒங்கூட வாரேன்."