குணம் மாமாவின் டின்னில் நான் மாற்றிய தாள்

என் குறும்புகளுக்கெல்லாம் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு ஏசுகிற குணம் மாமாவுக்கு,

சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டே கால். மைதான ஓரத்தில் நிற்கிற, உங்கள் கூட்டாளி பாலா அங்கிளின் காருக்குள் இருந்து எழுதுகிறேன். ஒரு மணிக்கு ஆட்டம். எழுத்து நெளிந்து நெளிந்து போகிறது. குளிரால் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது என் சொந்தக் கையெழுத்து.

தமிழ்ப் பள்ளிக்கூட மலருக்காக, இப்போது எங்களோடு இல்லாத ஒருவருக்குக் கடிதம் எழுதச் சொல்லி ரீச்சர் கேட்டிருக்கிறார். ஆகவே உங்கள் தோளுக்கு மேலால் மற்றவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். அவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்த சிலவற்றை உங்களுக்கே திரும்பச் சொல்லப் போகிறேன். கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

நீங்கள் அம்மாவின் தம்பி. மெல்பேர்னில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தபோது, எல்லாரும் சொக்லேட் கொண்டுவருவார்கள், நீங்கள் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தீர்கள். ஆஸ்திரேலியக்காரரின் கால்பந்து. ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், முட்டை மாதிரி ஒரு பந்து. பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் குத்தலாம். பந்து கிடைக்காவிட்டால் கிடைத்ததை. வாரம் முழுக்க விமான நிலையத்தில் பெட்டி தூக்குவீர்கள். சனிக்கிழமையில் இந்தப் பூங்காவுக்கு வந்து, லண்டனில் தங்கிப்போன ஆஸ்திரேலியக்காரரோடு பாக் பொக்கெட்டில் நிற்பீர்கள். கோலுக்குப் பக்கத்து மூலையில் நின்று, எதிரணிக்காரன் பந்தைப் பிடிக்க விடாமல் செய்கிற வேலை அது. அம்மாவுக்கு இன்றுவரைக்கும் பாக் பொக்கெட் என்றால் பஸ் பாஸ் வைக்கிற இடம்தான்.

டிசம்பரில் ஒரு காலை, நீங்கள் ஷிப்ட் முடிந்து வரவேண்டிய நேரத்தில் போன் வந்தது. அம்மா ஆங்கிலத்தில் மூன்று தரம் ‘யெஸ்’ என்றார். நாலாவது தரம் தமிழில் ‘ஓம்’ என்றார். பெட்டிகள் வருகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் உங்கள் இதயம் நின்றுபோனதை அந்த ‘ஓமில்’தான் நான் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து வீட்டில் போன் அடித்தால் நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுகிறேன். இது ஒருவருக்கும் தெரியாது. இப்போது மலர் வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும்.

சரி, டின்னுக்கு வருவோம். நீங்கள் தொடக்கிவைத்த வழக்கம்தானே அது. செப்டெம்பரில் கடைசி ஆட்டம் முடிந்ததும், அடுத்த ஏப்ரலின் முதல் ஆட்டத்துக்கு யார் யார் நிற்க வேண்டும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதி நீல பிஸ்கெட் டின்னுக்குள் போடுவோம். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, டின்னை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள். முதல் ஆட்டத்துக்கு முந்திய வியாழக்கிழமை அதைத் திறந்து வாசித்து, எல்லாரும் சண்டை பிடித்து முடித்த பிறகுதான் கப்டன் டெரி பெயர்களைப் பலகையில் எழுதுவார். டின் காவற்காரரான உங்கள் தாள் கடைசியாக வரும்.

ஜனவரியில் டின் உங்கள் அலுமாரிக்கு மேலேயே இருந்தது. என் அண்ணா சுதன் காலேஜுக்குப் போவதை நிறுத்தியிருந்தான். அறைக்குள் இருந்து, மெல்பேர்னிலிருந்து உங்களுக்கு வந்த ஆட்டக் கசெட்டுகளைச் சத்தத்தைக் குறைத்துப் போட்டுப் பார்ப்பான். சாப்பாட்டைக் கதவடியில் வைத்தால் பாதி திரும்பி வரும். எனக்கு அந்த நாளில் உங்கள் எழுத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான், மாமா. டேப்பை உரித்தேன்.

உங்கள் தாளில் முதல் வரி நீங்கள்தான், வழக்கம்போல. பாக் பொக்கெட், குணம், அடியில் இரண்டு கோடு. பெயர்களெல்லாம் ஆங்கிலத்தில். ஆகக் கீழே மட்டும் தமிழில், சின்னதாக: “சுதன் – இன்னும் ஒரு வருஷம் போகட்டும். தோள் முற்றேல்லை.”

உங்கள் எழுத்தை எழுத எனக்கு ஆரும் பழக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடத்துக்கு உங்கள் கையெழுத்தில் போன கடிதங்களில் எனக்கு எத்தனை வயிற்றுவலி வந்திருக்கிறது. கறிவேப்பிலைச் செடிக்கு லைசென்ஸ் எடுக்கச் சொல்லி பாலா அங்கிளுக்குக் கவுன்சிலிலிருந்து என் கைவேலையில் ஒரு கடிதம் வந்ததே, அவர் கிங்ஸ்பரியிலிருந்து நடந்தே போய்க் கவுன்டரில் சண்டை பிடித்தாரே. அதற்கு நீங்கள் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கால் வந்தது. ஆகவே புதுத் தாள் ஒன்று எழுத எனக்கு அரை மணி நேரம்தான் பிடித்தது. பாக் பொக்கெட், சுதன். எழுத்துகளின் வாலைக்கூட உங்களைப் போலவே வளைத்தேன். உங்கள் தாளை எடுத்து என் கணக்குக் கொப்பிக்குள் வைத்துவிட்டு, டின்னுக்குப் புது டேப் ஒட்டினேன்.

மாமா தெரிவுசெய்தார் என்றால் அண்ணா அறையை விட்டு வெளியே வருவான் என்று நினைத்தேன். பாதி அதற்கு. மற்றப் பாதி, பெயரைக் கேட்டதும் அவன் முகம் போகிற போக்கைப் பார்க்கிற பகிடிக்கு. எது எந்தப் பாதி என்று இப்போது என்னால் பிரிக்க முடியவில்லை. “டின் திறக்கேக்கை நீ அங்கை நிண்டால் நல்லது” என்று மட்டும் அவனிடம் சொல்லிவைத்தேன். பெப்ரவரியில் அவன் பயிற்சிக்குப் போகத் தொடங்கினான்.

நேற்று முன்தினம் பின்னேரம் பெவிலியனில் நடந்ததைக் கேளுங்கள். முதல் ஆட்டம் யாரோடு தெரியுமா? ஃப்ரிட்ஜின் டீமோடு. அவனுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் எனக்குத் தெரியாது. பெயர் வைக்கும்போதே அவன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருப்பான். போன வருஷம் அவன் வந்து மோதியபோது டெரியின் தம்பிக்குத் தோளடிக் காறை எலும்பு முறிந்தது. கூட்டுகிற தும்புத்தடி முறிகிற மாதிரி அந்தச் சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எங்களுக்கும் கேட்டது. அவன் நிற்கப்போவது எங்கள் பாக் பொக்கெட்டுக்கு நேர் முன்னால்.

“தபால்கார கொலின்தான் நிக்கோணும்,” என்றார் பாலா அங்கிள்.

லூயிஷாமிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்த உங்கள் மற்றக் கூட்டாளி யோகன் அங்கிள் விடவில்லை. “கொலின்ரை முழங்கால் ரெண்டும் பென்ஷன் எடுத்திட்டுது, அண்ணை. சுதனைப் போடுங்கோவன். பிள்ளை ஓடுறதைப் பாத்தனீங்களே?”

“ஓடுறதுக்கு பஸ் ஸ்டொப் இருக்கு. பாக் பொக்கெட்டிலை நிக்க வேணும். அந்த ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தாலே உவன் குளிரிலை விறைச்சுப் போவான்.”

“நீங்கள் நிண்டால் ஃப்ரிட்ஜுக்கு அங்கை இடமே இராது, அங்கிள்,” என்றேன் நான்.

“உன்னை ஆரும் கேட்டவையே, வாய்க்காரி?”

மூலையில் சப்பாத்துக் கயிறை அவிழ்த்துக்கொண்டிருந்த அண்ணா நிமிரவில்லை. அதே முடிச்சைத் திரும்பத் திரும்ப அவிழ்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பயம் வந்தால் வாய் ஓடும், அவனுக்குப் பயம் வந்தால் கை மட்டும் ஓடும்.

டெரி டின்னைத் திறந்தார். ஒரு தாளில் போன நவம்பரே பேர்த்துக்குப் போய்விட்ட ஒருவனின் பெயர், எல்லாரும் சிரித்தோம். கடைசியாக உங்கள் தாள், அதாவது என் தாள். டெரி பெயர் பெயராக வாசித்தார். முடித்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். யோகன் அங்கிள் டீக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். பாலா அங்கிள் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

“சரி,” என்றார் கடைசியில். “குணம் சொல்லிப்போட்டான். இனி என்ன கதை.”

டெரி பலகையில் அண்ணாவின் பெயரை எழுதினார். அண்ணா சிரித்தான். நாலு மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. மாமா, அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பயம் தொடங்கியது. செத்தவரின் வாயால் நான் பேசிவிட்டேன். அதை அவ்வளவு பெரிய ஆட்கள் நம்பிவிட்டார்கள். இனி அதைத் திருப்பி எடுப்பது எப்படி?

நேற்று அவன் உங்கள் சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளைத் திணித்துப் போட்டுப் பார்த்தான். அம்மா காற்சட்டையை இஸ்திரி போட்டபடி, “கவனமடா,” என்றார். நான் கணக்குக் கொப்பியைத் திறந்து திறந்து மூடினேன். தோள் முற்றேல்லை. தோள் முற்றேல்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதுதான் எழுதியிருந்த மாதிரி இருந்தது.

இன்று காலை பஸ்ஸின் மேல்தட்டில், முன் சீட்டில், உண்மையான தாளை எடுத்து அவன் மடியில் வைத்தேன். “டின்னிலை இருந்தது நான் எழுதினது. இதுதான் மாமா எழுதினது,” என்றேன். அடிப்பான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

“தெரியும்,” என்றான்.

“என்ன தெரியும்?”

“மாமா தன்னைப் போடாமல் ஒரு டீம் எழுதுவாரோ?”

மாமா, நான் ஒரு முழு முட்டாள். ஜனவரியில் எழுதிய எனக்கு நீங்கள் இல்லை. செப்டெம்பரில் எழுதிய உங்களுக்கு நீங்கள் இருந்தீர்கள். வாலையெல்லாம் வளைத்து வளைத்து எழுதிய நான், உங்களையே எழுத மறந்திருக்கிறேன்.

“அப்ப டெரிக்கும்...”

“எல்லாருக்கும் தெரியும். பாலா அங்கிள் கண்ணாடியைத் துடைச்சது ஏனெண்டு நினைச்சாய்? ஆருக்கும் உன்னைக் காட்டிக்குடுக்க மனம் வரேல்லை.” அவன் தாளைத் தூக்கி வாசித்தான். கீழ்வரி வரைக்கும் வந்தான். அந்த வரி மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

மைதானம் வந்தது. இறங்கியதும் நேரே டெரியிடம் போய்த் தாளை நீட்டினான். தமிழ் வரியை பாலா அங்கிள் வாசித்து ஆங்கிலத்தில் சொன்னார். டெரி சொன்னதை நான் தமிழில் தருகிறேன். மலரில் போட ஏலாத சொற்களை வெட்டிவிட்டேன்.

“வியாழக்கிழமை பலகையில் உன் பெயரை எழுதினது இந்தத் தாளுக்காகவும் இல்லை, அந்தத் தாளுக்காகவும் இல்லை. பத்துக் கிழமையாக நீ பயிற்சியில் நின்றதைப் பார்த்து எழுதினது. ஆனால் இது குணத்தின் சொல். நீயே சொல்லு, நிற்கிறாயா?”

“எனக்குப் பயமாக இருக்கு,” என்றான் அண்ணா.

“நல்லது. குணம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் இந்தப் பெவிலியனுக்குப் பின்னால் போய்ச் சத்தி எடுத்து, வயிற்றைக் காலியாக்கிவிட்டுத்தான் வருவான்.”

நான் பாலா அங்கிளைப் பார்த்தேன். அவர் ஓம் என்று தலையாட்டினார். “ஒருதரம் என்ரை சப்பாத்திலையே,” என்றார்.

ஐந்து வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் கோட்டுக்கு வெளியே நின்று உங்களைக் கத்திக் கத்திக் கூப்பிட்டவள் நான். நீங்கள் எப்போதும் வாயைத் துடைத்துக்கொண்டுதான் மைதானத்துக்குள் வருவீர்கள். ஏதோ களவாய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறீர்கள் என்று நினைத்தேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை? சொன்னால் நக்கலடிப்பேன் என்றா? அடித்திருப்பேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம், மாமா.

அண்ணா பெவிலியனுக்குப் பின்னால் போனான். இரண்டு நிமிடம். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். “எந்தப் பக்கத்துக் கோல்?” என்று மட்டும் கேட்டான். டெரி கையைக் காட்டினார்.

இப்போது ஒரு மணிக்கு இன்னும் ஏழு நிமிடம். கார்க் கண்ணாடிக்கு அப்பால் அவன் உங்கள் மூலையில் நிற்கிறான். மேலாடை தோளில் தொங்குகிறது. ஃப்ரிட்ஜ் அவனை நோக்கி நடந்து வருகிறான், அவசரமில்லாமல். என் பயம் போகவில்லை. களவு பிடிபட்டதும் பாதியாவது குறையும் என்று நினைத்தேன். இல்லை, இப்போது அது வெறும் பயமாக, ஒளித்து வைக்க ஒன்றும் இல்லாத பயமாக இருக்கிறது. காதைப் பொத்தலாம் என்று பார்க்கிறேன். தண்ணீர்க் குழாய் இங்கே இல்லை. இறங்கிப் போய்க் கோட்டருகே நின்று, உங்களுக்குக் கத்தியதைவிடச் சத்தமாக அவனுக்குக் கத்தப் போகிறேன்.

காருக்குள் ஏறுவதற்கு முதல் ஒரு சின்ன வேலை செய்தேன். பெவிலியன் வாசலில் குத்தியிருக்கிற டீம் தாளில், மேலதிக ஆட்களின் பெயர்களுக்குக் கீழே, பென்சிலால் ‘குணம்’ என்று எழுதினேன். உங்கள் எழுத்தில் இல்லை, என் கோழிக்கிறுக்கலில். நடுவர் வந்து இது யார், எங்கே என்று கேட்டார். டெரி எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கொஞ்சம் பிந்தி வருவான்,” என்றார். அழிக்கவில்லை.

செப்டெம்பரில் டின்னுக்குள் என் தாளும் போகும், கீழே என் பெயர் போட்டு. உங்கள் எழுத்தில் இனி ஒரு வரியும் எழுத மாட்டேன், வயிற்றுவலிக்குக்கூட. ஆனால் நான் எழுதுகிற எந்த டீமிலிருந்தும் உங்களை இனி விடமாட்டேன். அதற்கு ஆர் சிரித்தாலும் சரி.

ஆட்டம் தொடங்கப் போகிறது என்று டெரி கையைத் தூக்கிவிட்டார். நான் ஓட வேண்டும்.

உங்கள் அக்காவின் மகள்,
உங்களுக்கு வாய்த்த ஒரே மருமகள்,
துளசி