‘கண்டிப்பாக’ என்று எழுதாதே, அனு

பாலக்கரை, திருச்சி
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அனுபமாவுக்கு,

கமருன்னிசா எழுதுவது. இங்கே அத்தாவும் நானும் நலம். நேற்று ஸ்ரீரங்கத்துக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். மாமிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. டொராண்டோவில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னார்.

ஃபோனில் பேசாமல் எழுதுகிறேனே என்று கோபப்படாதே. பேசினால் நீ வாதாடி என்னைச் சரி என்று சொல்ல வைத்துவிடுவாய். இந்தத் தடவை சரி என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.

நம் ஆப்பைப் பற்றித்தான். ப்ளே ஸ்டோரில் வரவேண்டிய பக்கத்துக்கு நீ எழுதி அனுப்பிய முதல் வரி, “காவிரியிலும் கொள்ளிடத்திலும் தண்ணீர் வருமுன் கண்டிப்பாக எச்சரிக்கும்” என்பது. சோதனைக்குச் சேர்ந்தவர்களும் இதே வரியைப் படித்துவிட்டுத்தான் ஆப்பை இறக்கினார்கள். தொட்டியத்தில் வாழை போட்டிருக்கும் பெரியண்ணன் அவர்களில் ஒருவர். தன் மனைவி இருளாயியின் ஃபோனிலும் போட்டுக் கொடுத்திருந்தார்.

போன வாரம் இருளாயி ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்று நடுவே இருக்கும் திட்டுக்குப் போயிருக்கிறார். தண்ணீர் திறந்தாயிற்று, எல்லாரும் கரையேறுங்கள் என்று ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். இவர் மட்டும் நின்றுவிட்டார். சுற்றிலும் தண்ணீர் வளைத்த பிறகு கருவேல மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறார். பரிசல்காரர்கள் போய் இழுத்து வந்தார்கள். ஆடுகளில் பாதி போய்விட்டன.

ஃபோனைத் தலைத்துண்டில் முடிந்து வைத்திருந்தாராம். கரையில் கொண்டுவந்து படுக்க வைத்த பிறகுதான் அது அலறியிருக்கிறது. நம் எச்சரிக்கை, அனு. கூட நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்களாம்.

கேள்விப்பட்டதும் பஸ் ஏறித் தொட்டியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். இருளாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, “முன்னெல்லாம் மைக்கு சத்தம் கேட்டாலே ஆட்டை அப்படியே வுட்டுட்டு ஓடியாந்துருவேம்மா. இப்பத்தான் போன் இருக்குதே, அது சொல்லட்டும்னு நின்னுட்டேன்” என்றார். பெரியண்ணன், “கண்டிப்பா சொல்லும்னு போட்டிருந்துச்சுங்களே” என்று மட்டும் சொன்னார். கோபமாகக்கூட இல்லை. என்னால்தான் அங்கே உட்கார முடியவில்லை.

தண்ணீர் வரும் நேரத்துக்கு நாம் போட்ட கணக்கில் பிழை இல்லை, பார்த்துவிட்டேன். பேட்டரியை மிச்சம் பிடிக்க அந்த ஃபோனே ஆப்பைத் தூங்க வைத்திருக்கிறது. ஓரளவுக்குச் சரிசெய்யலாம். எல்லா ஃபோனிலும் முடியாது என்று உனக்கும் தெரியும். டவர் கிடைக்காத இடத்துக்கு நாம் என்ன செய்வது?

நம் எச்சரிக்கையை மட்டும்தான் நம்புவார்கள் என்று நினைத்திருந்தோம். ஆப் சும்மா இருப்பதையும் அவர்கள் நம்புகிறார்கள். அது பேசாவிட்டால் ஆறு வராது என்று நிற்கிறார்கள். நீயோ ஆடிப்பெருக்கன்று வெளியிடலாம் என்கிறாய். அம்மா மண்டபம் படித்துறையில் அன்று எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று யோசித்துப் பார். நேற்று அந்த வழியாக வந்தபோது ஒருத்தி தன் குழந்தையைப் படியில் உட்கார வைத்துவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

அதனால் பக்கத்தை மாற்றிவிட்டேன். ‘கண்டிப்பாக’ இப்போது இல்லை. “எச்சரிக்கை தாமதமாகலாம், வராமலும் போகலாம். இதை மட்டும் நம்பி ஆற்றில் இறங்காதீர்கள்” என்று முதலிலேயே போட்டிருக்கிறேன். ‘இன்னும் முக்கால் மணி நேரத்தில் வெள்ளம்’ என்று ஆப் காட்டுவதுபோல் பக்கத்தில் போட்டிருந்த படத்தையும் எடுத்துவிட்டேன். அழகுக்காக நாம் வரைந்தது அது. நம் ஆப் ஒருநாளும் அப்படிக் காட்டியதில்லை.

இப்படி எழுதினால் யார் இறக்குவார்கள் என்று முன்பே கேட்டாய். தெரியவில்லை. ஆனால் நீ அதற்காக அந்தச் சொல்லை எழுதவில்லை. ரெங்கராஜ் கொள்ளிடத்து வெள்ளத்தில் போன பிறகுதானே இதைத் தொடங்கினோம். உன் தம்பிக்காக எழுதிய சொல்லை அழிக்கும்போது எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை.

ப்ளே ஸ்டோர் கணக்கு உன் பெயரில் இருக்கிறது. வெளியிடுவதும் நிறுத்துவதும் உன் கையில். பழைய வரியை மட்டும் திரும்பப் போட்டுவிடாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அல்லாஹ் உன் மனசுக்குத் தெம்பு தரட்டும்.

உன்
கமர்

*

பாலக்கரை, திருச்சி
ஆடிப்பெருக்குக்கு மறுநாள்

அன்புள்ள அனுவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. என்னோடு பேச்சை முறித்துக்கொண்டாய் என்றே நினைத்தேன். நேற்றுக் காலை ஸ்டோரைத் திறந்தால் ஆப் வந்திருக்கிறது. படிக்கப் பயந்து ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அப்புறம் படித்தேன். நான் எழுதியது அப்படியே இருக்கிறது. அதற்கும் மேலே, “மைக்கில் சொன்னால் உடனே கரையேறுங்கள். ஃபோன் சொல்லட்டும் என்று நிற்காதீர்கள்” என்று நீ சேர்த்திருக்கிறாய். அத்தா என்னமோ ஏதோ என்று ஓடிவந்து பார்க்கும் அளவுக்கு அழுதேன்.

நேற்று முழுக்கப் படித்துறையில்தான் நின்றேன். ஆறு நிறையப் போனது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் இனி ஒவ்வொரு ஆடியும் எனக்கு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

திரும்பும்போது மாமியைப் பார்க்கப் போனேன். நீ போட்ட பக்கத்தை வாசிக்கச் சொன்னார். ‘வராமலும் போகலாம்’ என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, “அப்போ இது இருந்திருந்தாலும் ரெங்காவுக்கு வந்திருக்காதோடீ?” என்று கேட்டார். “தெரியலை மாமி” என்றேன். மாமி எழுந்து உள்ளே போய்விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

உன்னிடம் கேட்கத் தைரியம் இல்லாமல்தான் என்னிடம் கேட்டிருக்கிறார். ரெங்கா இறந்த வருஷம் டொராண்டோ போனவள் நீ, இன்னும் ஊருக்கு வரவில்லை. கட்டாயம் ஒருநாள் உன்னிடமும் கேட்பார். அதற்கு ஃபோனில் பதில் சொல்லாதே, அனு. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவேண்டியது அது. நான் துணைக்கு இருக்கிறேன். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு. ஆனால் ஒரு தடவை வா.

என்றும் உன்
கமருன்னிசா