பின்படியில் ஆள் இல்லாத ஜீப்

அன்பு மாப்பிள்ளை முருகேசு,

நீ விழுந்த அதே கம்பம்மெட்டு வளைவு வழியாகத்தான் நேற்று என் தங்கை செல்வி ஏலக்காய் எடுக்க மலைக்குப் போனாள். பதறாதே. உன் மனைவி உட்கார்ந்துதான் போனாள். உட்கார்ந்தே வீடு வந்து சேர்ந்தாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாததா? ஜீப்பில் ஊர்க்காரர்களுக்கு இருக்கை, காலனிக்காரர்களுக்குப் பின்படி. எம்.ஏ. படித்துவிட்டு எஸ்டேட்டில் காய் எடை போடும் எனக்கும் அதே படிதான். கேரளச் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால், உட்கார்ந்து வந்தவரும் நின்று வந்தவரும் மலையாளத்தார் வாயில் ஒரே 'பாண்டி'. கூலியும் ஒன்று, ஏச்சும் ஒன்று. ஆனாலும் அந்த மலைப்பாதை முடிகிறவரை ஊர்க்காரர்கள் உசத்தி. இன்னொரு வண்டி கேட்டிருக்க வேண்டியவர்கள், நாம் நிற்பதைப் பார்த்தே திருப்திப்பட்டுக்கொண்டார்கள். எஸ்டேட்காரனுக்கு வேறென்ன வேண்டும்? உன் சாவுக்கு மாலையோடு வந்த தொழிற்சங்கத்துக்காரர்களும் அந்தப் பின்படியைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் எதையும் மறக்கவில்லை.

இப்போது ஜார்க்கண்டிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். அதனால் நமக்குப் பதவி உயர்வு. நேற்று டிரைவர் செல்வியிடம், "நீ உள்ள ஏறி உக்காரு. இந்திக்காரப் பயலுக பின்னாடி நிப்பானுக" என்றான். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

அவள் ஏறவில்லை. "அங்கன நின்னுதாண்ணே அவுக விழுந்தாக. அந்தப் படியில ஒரு ஆளு நிக்கிற வரைக்கும் நான் ஏறமாட்டேன்" என்றாள். வண்டி முழுக்கக் கேட்டது.

"ஏன் ஆத்தா, இந்திக்காரன் ஒனக்கு என்ன மருமகனா?" என்று டிரைவர் சிரித்தான்.

பதில் உள்ளேயிருந்து வந்தது. யார் தெரியுமா? பேச்சியம்மாள். மேலே பட்டுவிடும், தள்ளி நில் என்று உன்னை விரட்டுவாளே, அவளேதான்.

"மருமகனா இருந்தா ஒன்னைய எறக்கிவிட்டு அவனை ஓட்டச் சொல்லிருப்போம். போனைப் போடுலே மேனேசருக்கு. எம் மகனும் புனேயில லாரிக்குப் பின்னாடி தொங்கிக்கிட்டுத்தான் வேலைக்குப் போறான். அவனை அங்கன மதராசிங்கிறாக" என்றபடி இறங்கினாள். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

இன்னொரு வண்டி கேட்டதற்கு, இனி யாரும் வேலைக்கு வரவேண்டாம் என்று மேனேஜர் போனில் கத்தினார். ஒருவரும் அசையவில்லை. காய் செடியில் முற்றி நிற்கிறது. எங்களைவிட அவருக்குத்தான் அவசரம். கடைசியில் இரண்டாவது ஜீப் வந்தது. இன்றும் வந்தது.

பேச்சியம்மாளை மன்னித்துவிட்டேனா? இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் போனேன், ஒரு வார்த்தை பேசவில்லை. நீ இருந்திருந்தால் அவளிடம் வெற்றிலை கேட்டு வாங்கியிருப்பாய், இல்லையா? அந்த வளைவு வந்ததும் செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத ஜார்க்கண்ட்காரர் ஒருவர், தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவளுக்குக் கைப்பிடியைக் காட்டினார்.

வெகுநாளுக்குப் பிறகு நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன், மாப்பிள்ளை.

இரண்டாவது ஜீப்பை எஸ்டேட்காரர்கள் ஒருநாள் நிறுத்திப் பார்ப்பார்கள். அவர்கள் புத்தி எனக்குத் தெரியும். அன்று எனக்கு உள்ளே இடம் இருந்தாலும், முதலில் இறங்குகிறவன் நானாக இருப்பேன். உனக்கு நான் தரும் வாக்கு இது.

செல்வியின் அண்ணன்,
என்றும் உன் மச்சான்