தேயாத சக்கரம்

மார்ச் 3, ஞாயிறு

திண்டிவனத்தில் பெட்டி வாங்கியாயிற்று. கறுப்பாக இருக்க வேண்டும், படம் எழுத்து எதுவும் கூடாது என்பது விமானக் கம்பெனி உத்தரவு. பைலட்டுகள் வைத்திருக்கிற பெட்டியின் விலையை போனில் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். எனக்கு பைலட் லைசென்ஸ் வருவதற்குள் அம்மாவின் கழுத்தும் காதும் காலி. கடை கடையாக ஏறி இறங்கி, ஜிப் முரண்டு பிடிக்கிற ஒன்றைத் தள்ளுபடியில் எடுத்தோம். "சக்கரத்துக்கு மட்டும் கேரண்டி இல்லீங்க" என்றார் கடைக்காரர்.

அதுதான் வினை. கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டார். ஆயுசு முழுக்க மல்லாட்டை மூட்டை சுமந்த தலை.

"இழுத்துக்கினு வரலாம்பா. அதுக்குத்தான சக்கரம்?"

"நீ ஏரோப்பிளேன்கிட்ட போயி இழு. இந்தக் கல்லுல இழுத்துத் தேச்சுடாத."

காலனி வரை அப்படியே நடந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டேனே என்று இப்போது அதைவிட வெட்கம்.

மார்ச் 9, சனி

மெயில். எங்கள் பேட்ச் வேலையில் சேர்வது, மறு அறிவிப்பு வரும்வரை தள்ளிவைப்பு.

திங்கட்கிழமை டில்லிக்குக் கிளம்ப வேண்டியவன் நான். எப்படிச் சொல்வேன்?

மார்ச் 10, ஞாயிறு

அமாவாசை. அம்மா மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்வந்து, பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கைப்பிடியில் எலுமிச்சம்பழம் கட்டினாள். பக்கத்து வீட்டு வீரம்மாள் அத்தை தெருவையே கூட்டிவிட்டாள். "எங்க சித்தார்த்தன் ஏரோப்பிளேன் ஓட்டப் போறான், வந்து பாருங்கடி!"

சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். முடியவில்லை.

மார்ச் 11

எல்லோரும் வழியனுப்ப, சென்னை பஸ் ஏறினேன். திண்டிவனத்தில் இறங்கி, எதிர்த்திசையில் விழுப்புரத்துக்கு பஸ் மாறினேன்.

ஏப்ரல் 2

ஆரோக்கியராஜ், பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன். விழுப்புரத்தில் அவனுடைய பார்சல் ஆபீசில் சீட்டு எழுதுகிறேன். படுக்கையும் அங்கேயே. என் பெட்டி மேஜைக்கு அடியில். யார் யாருடைய பெட்டியோ எங்கெங்கோ போகிறது.

அம்மாவுக்கு போன் செய்து, "டில்லியில வெயிலும்மா" என்றேன். பொய் எவ்வளவு சரளமாக வருகிறது, சீ.

ஏப்ரல் 20

லாரியிலிருந்து மூட்டை இறக்கியவர் நிமிர்ந்தார். வெங்கடாசலம் மாமா! அப்பாவோடு மூட்டை தூக்குகிறவர். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

செத்தேன்.

மே 5, ஞாயிறு

லீவு என்று சொல்லி வீட்டுக்கு வந்தேன். பைலட் போடுகிற வெள்ளைச் சட்டையோடு. அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். அப்பா திட்டியாவது இருக்கலாம். பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரங்களைத் தடவிக்கொண்டிருந்தார். கடையில் இருந்த பளபளப்பு அப்படியே இருந்தது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மே 6

கிளம்பும்போது பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தேன். அப்பா அதை வாங்கித் தரையில் இறக்கினார்.

"இழுத்துக்கினு போ."

"தேஞ்சிடும்பா."

"தேயட்டும். ஒங்கம்மாவுக்குச் சத்தம் கேக்கணும்."

இழுத்தேன். கல்லில் கடகடவென்று தெருவே அதிர்ந்தது. வாசலில் நின்று அம்மா சிரித்தபடி கையாட்டினாள். வீரம்மாள் அத்தையும்தான்.

அப்பா ரோடு வரை கூடவே வந்தார். சென்னை பஸ் நிற்கிற பக்கம் போகவில்லை. என் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்கவைத்து, விழுப்புரம் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார்.